மொட்டைமாடியில் ரேடியோ வானியல்: வடசென்னையில் எதை வாங்கலாம், எதை விடலாம்?

ஒரே மாதத்தில் மூன்று பேர் ஒரே கேள்வியோடு வந்தார்கள். தண்டையார்பேட்டையில் மூன்றாவது மாடி வாடகை வீட்டில் இருக்கும் தம்பி ஒருவன், பாலிடெக்னிக் முடித்தவன், கையில் பத்தாயிரம் இருக்கிறது என்றான். பெரம்பூர் அடுக்குமாடியில் குடியிருக்கும் அக்கா பள்ளியில் இயற்பியல் எடுக்கிறார், பிள்ளைகளுக்குக் காட்ட உருப்படியாக ஏதாவது வேண்டுமாம். மூன்றாமவர் எர்ணாவூர் அண்ணன். துறைமுக வேலையிலிருந்து ஓய்வு, சொந்த வீடு, முழு மாடியும் அவருடையது, சின்ன வயதில் சிலோன் வானொலி கேட்டே வளர்ந்தவர். மூவரும் கேட்டது இதுதான்: ரேடியோவும் கேட்கணும், வானத்தையும் கேட்கணும், எதை வாங்குறது? வானத்தைக் கேட்பது என்றால் சூரியன், வியாழன், பால்வீதி விடும் ரேடியோ அலைகளை ஆன்டெனா வைத்துப் பிடிப்பது, அதுதான் ரேடியோ வானியல்.

மூவருக்கும் மூன்று விதமாகச் சொன்னேன். அதை விரித்து எழுதிவிட்டால் நாலாவது ஆளுக்கும் உதவும்.

வழக்கமாக எல்லோரும் சொல்லும் வரிசை ஒன்று உண்டு. முதலில் சிற்றலை (ஷார்ட்வேவ்) கேள், அப்புறம் வியாழன் கிரகத்தைப் பிடி, கை பழகிய பிறகு பால்வீதியின் ஹைட்ரஜன் விடும் அலைப் பக்கம் போ என்பார்கள். தோட்டமும் தோப்புமாக இருக்கும் ஊருக்கு அது சரி. ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் நடுவில் வாழ்கிறவர்களுக்கு அந்த வரிசையைத் தலைகீழாகப் போடலாம் என்பது என் கட்சி. ஏன் என்று கீழே போகப் போகத் தெரியும்.

## எதை வைத்து எடைபோடுவது

பணத்தைக் கடைசியில் வையுங்கள். முதல் கேள்வி, மாடி யாருடையது? சாவி ஹவுஸ் ஓனரிடம் இருந்தால், ராத்திரி இரண்டு மணிக்கு மேலே போக முடியாது என்றால், பாதி வழிகள் அப்போதே அடைபட்டுவிடும். அதோடு "என்ன தம்பி, டவர் வைக்கிறியா, ரேடியேஷன் வருமா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். நான் சொல்லும் பதில், "சார், இதுக்குக் காது மட்டும்தான், வாய் கிடையாது." அநேகமாக வேலை செய்கிறது.

இரண்டாவது இரைச்சல். நட்சத்திரம் பார்க்கிறவனுக்குத் தெருவிளக்கு எப்படியோ, நமக்கு எல்இடி பல்பின் டிரைவர் அப்படி. மொபைல் சார்ஜர், செட்டாப் பாக்ஸ் அடாப்டர், இன்வெர்ட்டர், லிஃப்ட் மோட்டார், மின்சார ஸ்கூட்டர் சார்ஜர் எல்லாமே 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே கொர்ர் என்று கத்துகின்றன. சுவர் ஒட்டிய வீடுகள் என்பதால் நம் வீட்டு அடாப்டரை மட்டும் பிடுங்கினால் போதாது, தெருவே கத்தும். அலைவரிசை மேலே ஏற ஏற இந்தக் கத்தல் தேய்ந்துவிடும். இந்த ஒரு விஷயம்தான் வரிசையைத் தலைகீழாக்குகிறது.

மூன்றாவது உப்பு. காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடல்காற்றில் வெறும் செம்புக்கம்பி இரண்டு மாதத்தில் பச்சை பூத்துவிடும். இணைப்பிகளுக்குள் ஈரம் புகுந்தால் வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது, சிக்னல் மட்டும் இளைத்துக்கொண்டே போகும். நான்காவது உங்கள் நேரம்: பகலில் வீட்டில் இருப்பவரா, ராத்திரி விழிப்பவரா, ஞாயிறு மட்டும்தானா?

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. பேட்டரியில் ஓடும் எந்தச் சிற்றலை ரேடியோவையாவது இரவல் வாங்கி, நிலையம் இல்லாத இடத்தில் வைத்து, வீட்டுக்குள் ஒரு சுற்று, மாடியில் ஒரு சுற்று நடங்கள். எங்கே இரைச்சல் கூடுகிறது, எங்கே குறைகிறது என்று காதே சொல்லும். அதைவிட நல்ல சோதனை மின்வாரியம் இலவசமாக நடத்துகிறது. போன மாதம் எங்கள் தெருவில் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்தினார்கள். மாடியில் சிற்றலையின் 19 மீட்டர் பேண்டில் ரேடியோவை ஓடவிட்டிருந்தேன், அதுவரை வெறும் கொர்ர். அது சட்டென்று அறுந்தது. அடியில் ஒரு பெண் சீன மொழியில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார், அவர் பக்கம் புரட்டும் சத்தம்கூடக் கேட்டதாக எனக்கு ஒரு பிரமை. பத்து நிமிடம் கழித்து எதிர்ப் பட்டறையில் ஜெனரேட்டரைப் போட்டார்கள், அந்த அம்மா போய்விட்டார். உங்கள் தெருவுக்கு இது எத்தனை தூரம் பொருந்தும் என்பதை அடுத்த மின்தடை நாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

## ஒரு பார்வையில்

செலவு, நானும் நண்பர்களும் கொடுத்த கணக்கு. கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும்.

| வழி | கைச்செலவு | மாடி | நம்ம ஊர் இரைச்சல் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| கை ரேடியோ, நீளக் கம்பி | 3 முதல் 8 ஆயிரம் | இருந்தால் நல்லது | கடுமையாகப் பாதிக்கும் | இரைச்சலை அடக்கக் கேபிளில் மாட்டும் ஃபெரைட் வளையங்கள், பொறுமை |
| எஸ்டிஆர் (கம்ப்யூட்டர் மென்பொருளில் ஓடும் ரேடியோ) டாங்கிள் | 4 முதல் 6 ஆயிரம், லேப்டாப் தனி | ஜன்னல் போதும் | அலைவரிசையைப் பொறுத்து | வடிகட்டி, ஹார்ட் டிஸ்க் |
| வியாழனுக்கு இருமுனை ஆன்டெனா | டாங்கிள் போக 2 முதல் 3 ஆயிரம் | முழு மாடி | மிகக் கடுமை | தூக்கம், அக்கம்பக்கம் |
| ஹைட்ரஜன் கோட்டுக்கு ஹார்ன் (புனல் வடிவ ஆன்டெனா) | டாங்கிள் போக 6 முதல் 9 ஆயிரம் | ஒரு மூலை போதும் | மிகக் குறைவு | காற்றுக்கும் மழைக்கும் பாதுகாப்பு |
| பழைய டிடிஎச் டிஷ் | ஆயிரத்துக்குள் | பால்கனியும் போதும் | கிட்டத்தட்ட இல்லை | சீக்கிரம் சலித்துவிடும் |
| விஎல்எஃப் (மிகத் தாழ்அலை) வளைய ஆன்டெனா | 1 முதல் 2 ஆயிரம் | வேண்டாம் | வீட்டுக்கு வீடு மாறும் | நாள் முழுக்க ஓடும் கணினி |

## கை ரேடியோவும் ஒரு கம்பியும்

டெக்சன் மாதிரி சின்ன டிஜிட்டல் ரேடியோ, பத்து மீட்டர் கம்பி. கம்ப்யூட்டர் வேண்டாம், கரண்ட் போனால் கொண்டாட்டம். பர்மா பஜாரில் பழைய சோனி செட் கிடைத்தால் மகிழ்ச்சி, ஆனால் பேட்டரி பெட்டியைத் திறந்து பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நம் தலைமுறைக்குச் சிற்றலை என்றால் பிபிசி தமிழோசை. அதன் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரலோடு நின்றுவிட்டது. சிற்றலையில் நிலையங்கள் வருடாவருடம் குறைகின்றன. கேட்க இன்னும் ஆள் இருக்கிறார்கள், ஆனால் பழைய சந்தைக்கூட்டம் இல்லை. மத்திய அலையில் சென்னை 720 கிலோஹெர்ட்ஸ் இருக்கிறது, ராத்திரி ஆனால் தூரத்து நிலையங்கள் ஏறி வரும், கடற்கரை மக்களான நமக்கு இலங்கை நிலையங்கள் சுலபம். சூடான மாதங்களில் கடல்மேல் காற்று அடுக்கடுக்காக நிற்கும் நாட்களில் எஃப்எம்மில்கூட இலங்கை வந்து விழும், அதற்கு எந்த விலையுயர்ந்த செட்டும் வேண்டாம்.

வானியலுக்கு இது நேரடியாக உதவாது. சூரியனில் பெரிய வெடிப்பு நடந்தால் பகலில் சிற்றலை முழுக்கச் சில நிமிடங்கள், சிலசமயம் ஒரு மணி நேரத்துக்கு மேலும், ஊமையாகிவிடும், அதைக் கேட்டு உணரலாம், அவ்வளவுதான். பழைய ரேடியோ நினைவுக்காகக் கேட்பவருக்கும், லேப்டாப்பைக் கண்டாலே எரிச்சல் வருபவருக்கும் இது சரி.

முன்பெல்லாம் வீட்டு ரேடியோவுக்கே தபால் அலுவலகத்தில் வருடாவருடம் லைசென்ஸ் கட்டினார்கள், எண்பதுகளில் அது ஒழிந்தது. பேச வேண்டும், ஒலிபரப்ப வேண்டும் என்றால் கதை வேறு. அதற்கு ஹாம் (அமெச்சூர் ரேடியோ) தேர்வு எழுதி மத்திய அரசிடம் சான்றிதழும் உரிமமும் வாங்க வேண்டும், பன்னிரண்டு வயது ஆனால் எழுதலாம். காவல்துறை, விமானம் என்று அடுத்தவர் பேச்சைத் தேடிப் போகும் வேலை நமக்கு வேண்டாம்.

## எஸ்டிஆர் டாங்கிள்

பென் டிரைவ் அளவில் ஒரு பொருள், டிஜிட்டல் டிவி பார்ப்பதற்காகச் செய்த சில்லை வைத்து 24 முதல் ஏறக்குறைய 1766 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கலாம். புதிய மாடல்களில் சிற்றலையும் உண்டு. திரையில் அருவி மாதிரி ஓடும் படத்தில் சிக்னலைக் கண்ணால் பார்த்துப் பிடிப்பது ஒரு தனி போதை. இதை வாங்கினால் கீழே உள்ள பெரும்பாலான வழிகளுக்கு அஸ்திவாரம் போட்டாயிற்று, அதனால் பத்தாயிரம் ரூபாய்த் தம்பிக்கு யோசிக்காமல் இதைத்தான் சொன்னேன்.

மறைந்திருக்கும் செலவுகளைப் பார்ப்போம். முதலாவது, எட்டு பிட் சில்லுக்குத் தொண்டை சின்னது. நகரத்து எஃப்எம் நிலையங்கள் பக்கத்தில் உரக்கப் பேசினால் மற்ற இடங்களில் எல்லாம் பேய்ச் சிக்னல் தெரியும், 88 முதல் 108 வரை தடுக்கும் வடிகட்டி ஒன்று தேவைப்படும். இரண்டாவது பதிவு. நொடிக்கு 24 லட்சம் சாம்பிள், ஒவ்வொன்றும் இரண்டு பைட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 17 ஜிபி, முதல் வாரமே ஹார்ட் டிஸ்க் நிரம்பும். மூன்றாவது சூடு. மே மாதம் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகைக்குள் வைத்த டாங்கிளைத் தொட்டால் கை சுடும், அலைவரிசையும் நகர்ந்துகொண்டே இருக்கும். அலுமினிய உறை போட்டதை வாங்குங்கள், நிழலில் வையுங்கள்.

இணையத்தில் அனுபவமுள்ள பலர் இன்னும் நோவா வானிலை செயற்கைக்கோள் படம் பிடிக்கச் சொல்லித் தருகிறார்கள். அந்தப் பழைய நோவா 15, 18, 19 மூன்றையும் 2025இல் நிறுத்திவிட்டார்கள். அதை நம்பி வாங்கி ஏமாறாதீர்கள். ரஷ்யாவின் மீட்டியோர் செயற்கைக்கோள்கள் 137 மெகாஹெர்ட்ஸ் பக்கம் படம் அனுப்புகின்றன, கொஞ்சம் கூடுதல் வேலை, ஆனால் படம் அழகு. சர்வதேச விண்வெளி நிலையம் சில நாட்களில் 145.8 மெகாஹெர்ட்ஸில் படம் அனுப்பும், அதற்கு ஜன்னலோரக் கம்பியே போதும்.

ஒன்றும் வாங்காமல் ருசி பார்க்க வேண்டுமா? நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் ஒரு சிற்றலை ரிசீவரை இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. ஒரு வாரம் அதில் சுற்றுங்கள். சலித்துவிட்டால் ஐயாயிரம் மிச்சம்.

## வியாழன்: ஆசை பெரிது, இடம் சிறிது

1955இல் பர்க், ஃபிராங்க்ளின் என்ற இருவர் வேறு எதையோ அளக்கப் போய், 22.2 மெகாஹெர்ட்ஸில் வந்த தொந்தரவு வியாழனிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தார்கள். அதன் துணைக்கோள் அயோ ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது வியாழன் பொரிந்து தள்ளும், கடல் அலை புரள்வது போல ஒன்று, சோளம் பொரிவது போல ஒன்று. நாசாவின் ரேடியோ ஜோவ் திட்டம் 20.1 மெகாஹெர்ட்ஸில் இரண்டு இருமுனைக் கம்பிகளைக் கட்டச் சொல்கிறது, ஒவ்வொன்றும் ஏழு மீட்டர் நீளம், மூன்று மீட்டருக்கு மேல் உயரம். இதைக் கேட்டு யாருக்குத்தான் ஆசை வராது. நானும் கட்டினேன்.

முதல் வாரம் பக்கத்து மாடியில் புறா வளர்க்கும் அண்ணன் வந்தார். "தம்பி, சாயங்காலம் திறந்துவிட்டா நம்ம ஜோடி இந்தக் கம்பியில அடிபடும்பா." அவர் சொன்னதில் தப்பில்லை, செம்புக்கம்பி சாயங்கால வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. சிவப்புத் துணித் துண்டுகள் கட்டினேன். அடுத்து காற்றாடி சீசன். ஒரு ஞாயிறு மாலை நாலு காற்றாடிகள் கம்பியில் மாட்டின, பையன்கள் மாடி ஏறி இழுத்ததில் ஒரு கம்பம் சாய்ந்தது. இதெல்லாம் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது அந்தக் கொர்ர். 20 மெகாஹெர்ட்ஸில் ராத்திரி இரண்டு மணிக்கும் தெரு அடங்கவில்லை. மூன்று மாதத்தில் ஒரே ஒரு விடியற்காலையில் வியாழன் மாதிரி ஏதோ கேட்டது, அது வியாழனா பிளாஸ்டிக் கம்பெனி மோட்டாரா என்று இன்றைக்கும் சத்தியம் செய்ய மாட்டேன்.

இன்னொன்று யாரும் சொல்வதில்லை. நாம் பூமியின் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம், நம் தலைக்கு மேல் அயனிமண்டலம், அதாவது ரேடியோ அலையை மடக்கும் மேல்வான அடுக்கு, தடிமன். சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் வருடங்களில் முன்னிரவில் இந்த அலைவரிசைக்குக் கதவு பாதி சாத்தியே இருக்கும். இப்போதைய சூரியச் சுழற்சி 2024 வாக்கில் உச்சம் தொட்டது, அது இறங்கும்வரை வியாழன் பொறுத்துக்கொள்வார். சூரிய வெடிப்புகள் மட்டும் பகலில் இதே கம்பியில் ஊஸ் என்று ஏறி இறங்குவது கேட்கும், அது ஆறுதல்.

மீஞ்சூர், பழவேற்காடு பக்கம் சொந்தக்காரர் தோட்டம் இருக்கிறவர் இதைத் தாராளமாகச் செய்யலாம். கார் பேட்டரி, கழற்றி மாட்டும் கம்பம், ஒரு ராத்திரி. ஊருக்குள் வேண்டாம்.

## ஹைட்ரஜன் கோடு: என் ஓட்டு இதற்கு

பிரபஞ்சத்தில் எங்கு பார்த்தாலும் ஹைட்ரஜன். ஓர் அணுவுக்குள் எலெக்ட்ரானின் சுழற்சித் திசை தானாகப் புரள ஒரு கோடி வருடத்துக்கு மேல் ஆகும், ஆனால் அணுக்கள் எண்ணிலடங்காதவை என்பதால் 1420.4 மெகாஹெர்ட்ஸில், அதாவது 21 செ.மீ. அலைநீளத்தில், எப்போதும் ஒரு மெல்லிய முணுமுணுப்பு வந்துகொண்டே இருக்கிறது. இதற்குத்தான் ஹைட்ரஜன் கோடு என்று பெயர். நெதர்லாந்து வானியலாளர் வான் டி ஹுல்ஸ்ட் இதை 1944இல் கணித்தார், அமெரிக்காவில் யூவனும் பர்செலும் 1951இல் ஜன்னலுக்கு வெளியே ஒரு ஹார்னை நீட்டிப் பிடித்தார்கள். ஜன்னலுக்கு வெளியே என்பதைக் கவனியுங்கள், அடுக்குமாடிக்காரர்களுக்கு முன்னோடி அவர்கள்தான்.

1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் வரை உலகம் முழுக்க வானியலுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், யாரும் ஒலிபரப்பக் கூடாது. எல்இடி பல்பின் கொர்ர் இத்தனை மேலே வருவதில்லை. மேகம், எண்ணூர் புகை, மணலி வெளிச்சம் எதுவும் பொருட்டில்லை, பகலிலும் நடக்கும். மேலேயும் கீழேயும் செல்போன் கோபுரங்கள் கத்துவது மட்டும்தான் தொல்லை, அதற்கென்றே ஹைட்ரஜன் கோட்டு வடிகட்டியோடு சேர்ந்த பெருக்கி ஒன்று, தீப்பெட்டி அளவில், கிடைக்கிறது. நூயெலெக் கம்பெனி செய்வது பிரபலம். கஞ்சத்தனம் செய்யக் கூடாத ஒரே பொருள் அதுதான். அதை ஆன்டெனாவை ஒட்டியே மாட்ட வேண்டும், பத்து மீட்டர் கேபிளுக்குக் கீழே மாட்டினால் முணுமுணுப்பு கேபிளுக்குள்ளேயே செத்துவிடும்.

ஹார்னை நாமே செய்யலாம். நாலு தெர்மாகோல் பலகை, அலுமினியத் தாள் நாடா, அடியில் ஒரு தகர டின். இந்த டின்னில்தான் ஆள்கள் கோட்டை விடுகிறார்கள். வீட்டில் கிடக்கும் 15 கிலோ எண்ணெய் டின்னை எடுப்பார்கள், அது இந்த அலைக்கு அகலம் அதிகம், உள்ளே அலை தாறுமாறாக ஓடும். அகலப் பக்கம் பதினாறு, பதினாறரை செ.மீ. வருகிற செவ்வக டின் வேண்டும், பெயிண்ட் கடையில் காலியான தின்னர் டின்களை ஸ்கேலோடு போய் அளந்து பாருங்கள். உள்ளே நீட்டும் செம்புக் குச்சி கால் அலைநீளம், 5.3 செ.மீ., வெட்டி டிரிம் செய்ய இடம் விட்டு வையுங்கள். பின்சுவரிலிருந்து அந்தக் குச்சி இருக்கும் தூரத்தையும் 5.3 என்று வைத்துவிடாதீர்கள். டின்னுக்குள் அலை நீண்டுவிடும், பதினாறரை அகலத்துக்குக் கிட்டத்தட்ட 6.9 செ.மீ. வரும். நான் முதலில் 5.3இல் துளை போட்டு, பத்து நாள் ஒன்றும் வராமல், டாங்கிளைத் திட்டி, பெருக்கியைத் திட்டி, கடைசியில் டின்னைத்தான் மாற்றினேன்.

நம்ம ஊருக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருப்பதால், ஹார்னை நேராக வானத்தைப் பார்த்து நிமிர்த்தி வைத்தாலே போதும், பூமி சுற்றச் சுற்ற பால்வீதி தினமும் இரண்டு முறை தலைக்கு மேல் கடந்து போகும். செப்டம்பர் தொடக்கத்தில் ராத்திரி எட்டு மணிக்குக் கருடன் நட்சத்திரக் கூட்டம் வழியாக ஒருமுறை, டிசம்பர் கடைசியில் நள்ளிரவுக்கு மிதுனம் பக்கம் இன்னொருமுறை. ஊட்டி முத்தோரையில் 1970 முதல் இருக்கும் நம் ரேடியோ தொலைநோக்கி, 530 மீட்டர் நீளம் 30 மீட்டர் அகலம், மலைச்சரிவு அந்த ஊரின் அட்சரேகையான 11 டிகிரிக்கே சாய்ந்திருக்கும் இடமாகப் பார்த்து வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் கட்டியது. அதனால் ஒரே அச்சில் திருப்பினால் வானத்தில் ஒரு பொருளை மணிக்கணக்கில் தொடரலாம். நமக்குத் திருப்பவே வேண்டாம், ஹார்னுக்கு மேல் வானம் தானாக ஓடும்.

முதல்முறை என்ன தெரியும்? காதில் ஒன்றும் கேட்காது, இதை முன்பே சொல்லிவிடுகிறேன். ஐந்து பத்து நிமிடம் சராசரி எடுத்து, பால்வீதி இல்லாத நேரத்தில் எடுத்த அளவைக் கழித்தால், தட்டையான கோட்டில் ஒரு சின்ன மேடு எழும். டிசம்பர் பக்கம் ஒற்றை மேடு. செப்டம்பர் பக்கம் அது அகலமாகி, இரண்டு மூன்று முகடாகப் பிரியும், ஏனென்றால் பால்வீதியின் வெவ்வேறு கைகள் வெவ்வேறு வேகத்தில் நகர்கின்றன. நொடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்துக்கு 4.7 கிலோஹெர்ட்ஸ் நகரும். எக்ஸெல்லில் கணக்குப் போட்டால், தின்னர் டின்னை வைத்து நம் விண்மீன் மண்டலம் சுற்றுவதை அளந்திருப்பீர்கள். என் அம்மா திரையைப் பார்த்துவிட்டு "இந்த மேட்டுக்கா இவ்வளவு அலம்பல்?" என்றார், அதுவும் நியாயமான விமர்சனம்தான்.

மறைந்திருக்கும் செலவு காற்றும் மழையும். தெர்மாகோல் ஹார்ன் வடகிழக்குப் பருவமழைக்கு முன் கீழே வர வேண்டும், புயல் எச்சரிக்கை வந்தால் கட்டாயம். இடி இருக்கும் நாளில் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இணைப்பிகள்மேல் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடா சுற்றுங்கள், பிளம்பரின் டெஃப்லான் நாடா அப்படி ஒட்டிக்கொள்ளாது.

## டிடிஎச் டிஷ்

காயலான் கடையில் பழைய டிஷ்ஷும் எல்என்பியும் (டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சிக்னல் வாங்கி) சேர்த்து இருநூறு, ரிச்சி தெருவில் சாட்டிலைட் ஃபைண்டர் (சிக்னல் பலத்தை முள்ளில் காட்டும் மீட்டர்) முந்நூறு சொச்சம், 13 முதல் 18 வோல்ட் மின்சாரம். பத்து நிமிட வேலை. குளிர்ந்த வானத்தைக் காட்டினால் முள் இறங்கும், எதிர்ச் சுவரைக் காட்டினால் ஏறும், எல்என்பிக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டினாலும் ஏறும். நம் உடம்பும் ரேடியோ அலை விடுகிறது என்று பிள்ளைகளுக்கு இதைவிடச் சுருக்கமாகக் காட்ட வழியில்லை. சூரியனுக்கு நேரே வைத்தால் முள் துள்ளும். 60 செ.மீ. டிஷ்ஷின் பார்வை ஏறக்குறைய மூன்று டிகிரி, வானம் மணிக்குப் பதினைந்து டிகிரி நகர்கிறது, ஆகவே டிஷ்ஷை அசைக்காமல் விட்டால் சூரியன் பன்னிரண்டு நிமிடத்தில் கடந்துபோவதை முள்ளிலேயே பார்க்கலாம். டிஷ் சாய்வாகப் பார்க்கும் வகை, பார்ப்பதற்கு நிமிர்ந்திருப்பதைவிட மேலே நோக்கும், கண்ணால் குறி வைக்காதீர்கள். டிஷ்மேல் இரண்டு மூன்று சின்னக் கண்ணாடித் துண்டுகளை ஒட்டி, பிரதிபலிப்பு எல்என்பிமேல் விழும்படி திருப்பினால் சரியாகும்.

மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள் பகலில் டிவி சில நிமிடம் புள்ளிபுள்ளியாகி நிற்குமே, அது சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர்பின்னால் வருவதால். வீட்டுக்கு வீடு நடக்கும் ரேடியோ வானியல் அது, யாரும் ரசிப்பதில்லை.

இரண்டு வாரத்தில் சலிக்கும். பள்ளிக்கூடத்துக்கு இதுவே முதல் தேர்வு.

## விஎல்எஃப் வளையம்

ஆளுக்கு ஆள் தவறவிடும் வழி. திருநெல்வேலி விஜயநாராயணத்தில் கடற்படையின் மிகத் தாழ்அலை நிலையம் 18.2 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்புகிறது. செய்தி நமக்குப் புரியாது, வேண்டியதும் இல்லை, அதன் பலத்தை மட்டும் அளக்கிறோம். சூரியனில் வெடிப்பு நடந்தால் அயனிமண்டலத்தின் அடித்தளம் மாறும், அந்தச் சிக்னல் சடாரென்று மாறி மெதுவாகத் திரும்பும், வரைபடத்தில் சுறாத் துடுப்பு மாதிரி தெரியும். ஆராய்ச்சியாளர்களும் இதே நிலையத்தை வைத்து அளக்கிறார்கள், ஸ்டான்ஃபோர்டின் சூப்பர்சிட் திட்டம் பள்ளிகளுக்குச் சொல்லித்தருவதும் இதைத்தான்.

ஒரு மீட்டர் மரச்சட்டம், மோட்டார் வைண்டிங் கடையில் அரை கிலோ எனாமல் கம்பி, ஐம்பது சுற்று, கம்ப்யூட்டரின் மைக் துளை. வீட்டுக்குள் பீரோமேல் வைக்கலாம், மாடி சாவி தேவையில்லை, நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் அதுவே பகலெல்லாம் பதியும். ஃப்ரிட்ஜிலிருந்து தள்ளி வைத்து, வளையத்தை மெதுவாகத் திருப்பிக்கொண்டே இரைச்சல் அடங்கும் கோணத்தைத் தேட வேண்டும், எங்கள் வீட்டில் அது பூஜையறைச் சுவரோரம் அமைந்தது. பழைய கம்ப்யூட்டர் பகல் முழுக்க ஓடும் மின்கட்டணம்தான் உண்மைச் செலவு.

## மூவரும் எடுத்த முடிவு

தம்பி டாங்கிள் வாங்கினான், ஜன்னலில் கம்பி, மிச்சப் பணத்தில் வைண்டிங் கடை. வியாழன் வேண்டாம் என்றதில் அவனுக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம். அக்கா பள்ளிக்கு டிஷ் எடுத்துப் போனார், பிள்ளைகள் வரிசையில் நின்று உள்ளங்கை காட்டியதாகச் சொன்னார், அடுத்த வருடம் ஹார்ன் என்கிறார்.

அண்ணன் மட்டும் கேட்கவில்லை. ரேடியோவும் வேண்டும், ஹார்னும் வேண்டும் என்று இரண்டையும் எடுத்தார். ஹார்ன் சராசரி எடுத்து முடிக்கும்வரை பக்கத்தில் நாற்காலி போட்டுப் பழைய செட்டில் இலங்கை கேட்கிறாராம். கார்த்திகை மழைக்குக் கீழே இறக்கிய ஹார்னைத் திரும்ப ஏற்ற வேண்டும், பிடிக்க ஒரு ஆள் வேணும் என்று நேற்று போன் செய்தார், ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.